ஹிமாத்ரியும் நம் மழைமானியும்
(குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நெமிலியில் என் வகுப்பில் ஆர்க்டிக் என்றதும், அங்கு ஆராய்ச்சி செய்வது வெளிநாட்டார் வேலை என்றே மாணவர்கள் நினைக்கிறார்கள். நம் நாட்டின் பங்கை நாம்தான் எடுத்துச்சொல்ல வேண்டும்.

நார்வேயின் ஸ்வால்பார்டு தீவுக்கூட்டத்தில், நீ-ஓலசுண்ட் என்ற ஊரில், 2008 ஜூலை 1 அன்று இந்தியாவின் ‘ஹிமாத்ரி’ ஆய்வு நிலையம் திறக்கப்பட்டது. கோவாவிலுள்ள தேசிய துருவ மற்றும் பெருங்கடல் ஆராய்ச்சி மையம் அதை நடத்துகிறது. 2014-இல் அருகிலுள்ள கடற்பகுதியில் ‘இண்டார்க்’ என்ற கருவித்தொகுதி இறக்கப்பட்டது. அதை உருவாக்கியதில் சென்னை பள்ளிக்கரணையிலுள்ள தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்துக்கும் பங்குண்டு. கடலடியில் நங்கூரமிட்ட வடத்தில் வெவ்வேறு ஆழங்களில் பொருத்திய உணரிகள், சூரியன் உதிக்காத குளிர்கால மாதங்களிலும் நீரின் வெப்பநிலை, உப்புத்தன்மை, நீரோட்டம் ஆகியவற்றைப் பதிவுசெய்கின்றன.

ஆர்க்டிக் மாற்றங்களுக்கும் நம் பருவமழைக்கும் உள்ள தொடர்பை அறிவது இதன் நோக்கங்களுள் ஒன்று. “அங்கே பனி உருகியதால்தான் நம் ஏரி வற்றியது” என்று வகுப்பில் முடிவாகச் சொல்லிவிட வேண்டாம். அது இன்னும் ஆராயப்படும் கேள்வி. விடைக்குப் பல ஆண்டுத் தொடர் அளவீடுகள் தேவை.

அதை மாணவர்கள் செய்தே உணரட்டும். நேரான பக்கங்களுள்ள ஒரு பாத்திரம், அளவுகோல், ஒரு நோட்டு போதும். பருவமழைக் காலம் முழுவதும் தினமும் காலை ஒரே நேரத்தில் மழையளவைக் குறிக்கச் சொல்லுங்கள். ஒருநாள் விட்டுப்போனால் அந்த நாளின் கணக்கை எவராலும் மீட்க முடியாது. ஹிமாத்ரி எதற்கு என்று பிறகு அவர்களே சொல்வார்கள்.