வகுப்பறைக்கு வரும் பழஞ்சுவடி
(நமது சங்கத்தின் கல்விக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று எமக்குப் பணிக்கப்பெற்ற பொருள், பள்ளி வகுப்பறைகளில் இணையவழி நேரலையாக நடைபெறும் சரித்திர நிகழ்ச்சிகள் என்பதாம். பெயர் நீண்டதாயினும் பொருள் எளிது. தொலைவிலுள்ள ஓர் ஆவணச்சாலையோ, பொருட்காட்சிச் சாலையோ, அகழ்விடமோ, அங்குள்ள அறிஞர் ஒருவர் வாயிலாக வகுப்பறையில் அந்நிமிஷத்திலேயே தோன்றுவதும், மாணாக்கர் வினவ அவர் விடையிறுப்பதுமே இம்முறை. முன்னரே பிடித்து வைத்த படத்தைக் காட்டுதல் இதனின் வேறு. படமானது தான் சொல்ல வந்ததையே சொல்லிச் செல்லும், இடையே எழுந்து நின்று "அஃது எப்படி ஐயா?" என்று கேட்கும் சிறுவனுக்கு அது செவி சாய்ப்பதில்லை. வினாவுக்கு இடங்கொடுத்தலே நேரலையின் உயிர் என்க.

இம்முறை இன்று நேற்றுத் தோன்றியதன்று. 1985-ஆம் ஆண்டில், கடலில் மூழ்கிக் கிடந்த டைட்டானிக் கப்பலைக் கண்டறிந்த குழுவின் தலைவருள் ஒருவரான இராபர்ட் பாலார்ட் என்னும் அமெரிக்க அறிஞருக்குப் பள்ளிச் சிறுவர் பல்லாயிரவர் கடிதம் எழுதினர். அடுத்த பயணத்தில் தாமும் உடன்வரல் வேண்டுமென்பது அவர்கள் விருப்பம். அத்துணைப் பேரையும் கப்பலில் ஏற்றுதல் இயலாதன்றோ? ஆதலின் அவர், 1989-இல் ஜேசன் திட்டம் என்பதைத் தொடங்கி, கடலடியில் இயந்திரக் கண் காண்பதைச் செயற்கைக்கோள் வழியே அப்பொழுதைக்கப்பொழுதே மாணாக்கருக்குக் காட்டினார். மறு ஆண்டில், 1813-ஆம் ஆண்டுப் புயலில் ஒன்டாரியோ ஏரியில் மூழ்கிய இரண்டு போர்க்கப்பல்களைச் சிறுவர் தம் இருப்பிடத்திலிருந்தே கண்டனர். பின்னர் இணையம் பரவியது. 2020-இல் கொள்ளைநோயால் பள்ளிகள் அடைபட்டபோது, அதுவரை சிலர்க்கே கிட்டிய இவ்வசதி பலர்க்கும் பழக்கமாயிற்று.

நிற்க. இலண்டன் மாநகரின் மேற்கே கியூ என்னுமிடத்தில் இங்கிலாந்தின் தேசிய ஆவணச்சாலை உள்ளது. 1838-இல் நிறுவப்பெற்ற பழைய ஆவண நிலையத்தின் வழிவந்தது அது. 1086-ஆம் ஆண்டில் எழுந்த நிலக்கணக்குப் பெருநூல் இன்றும் ஆங்குக் காக்கப்படுகின்றது. அச்சாலையின் கல்விப் பகுதியார், வர இயலாத பள்ளிகளுக்கு இணையவழியே பாடம் நடத்துகின்றனர். அவர்கள் பாடப்பொருளாக வெளியிட்டுள்ள ஆவணங்களுள் ஒன்றை இங்கு எடுத்துக்கொள்வோம்.

1666-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 2-ஆம் நாள் இலண்டனில் பெருந்தீ மூண்டது. நான்கு நாட்களில் சுமார் 13,200 வீடுகளும் 87 கோயில்களும் எரிந்தன. தீப்பிறந்த இடம் புடிங் லேன் என்னும் சிறு தெருவில் தாமஸ் பாரினர் என்பாருடைய ரொட்டிக்கடை. இதனை எந்தப் பாடப்புத்தகமும் கூறும். ஆவணச்சாலையோ, அதே ஆண்டின் வரிக்கணக்கு ஏடு ஒன்றை மாணாக்கர் முன் வைக்கின்றது. அக்காலத்தில் அடுப்பு வரி என்றொரு வரி இருந்தது. 1662-இல் விதிக்கப்பெற்று 1689-இல் நீக்கப்பெற்ற அவ்வரி, ஓர் அடுப்புக்கு ஆண்டொன்றுக்கு இரண்டு ஷில்லிங் வீதம் வாங்கப்பெற்றது. அக்கணக்கில், புடிங் லேன் தெருவில் வாழ்ந்தோர் வரிசையில், பாரினர் பெயருக்கு நேரே ஐந்து அடுப்புகளும் ரொட்டி சுடும் சூளை ஒன்றும் குறிக்கப்பெற்றுள்ளன. நகரத்தை எரித்த தீ பிறந்த வீட்டின் அடுப்புகளை, அத்தீ மூள்வதற்கு முன்னரே ஒரு கணக்கன் எண்ணி எழுதிவைத்தான்! அவ்வேட்டின் மங்கிய மையைக் காணும் சிறுவனுக்குச் சரித்திரம் கட்டுக்கதையன்று என்பது தானே விளங்கும்.

அங்ஙனம் காட்டியபின் ஆசிரியர் விடையைக் கூறிவிடலாகாது. வினாவைக் கொடுத்தல் வேண்டும். இதை எழுதியவன் யார்? எப்போது எழுதினான்? யாருக்காக எழுதினான்? இதனால் அவனுக்கு ஆவது யாது? இந்நான்கு வினாக்களே சரித்திரக் கல்வியின் நான்கு தூண்கள் என்பது எமது கருத்து.

இவற்றை அத்தீயின் பிற்கதையோடு பொருத்திக் காண்மின். பாரினர், தம் சூளையை இரவே அவித்துவிட்டதாகச் சாதித்தார். மக்களோ அயல்நாட்டார் மீதும் கத்தோலிக்கர் மீதும் ஐயுற்றனர். இராபர்ட் ஹூபர்ட் என்னும் பிரெஞ்சுக்காரன் ஒருவன், தானே தீ வைத்ததாகக் கூறினான். அவன்மீது எழுந்த குற்றச்சாட்டில் பாரினர் குடும்பத்தாரும் கையொப்பமிட்டனர். அவ்வாண்டு அக்டோபரிலேயே அவன் தூக்கிலிடப்பெற்றான். தீ மூண்டு இரண்டு நாள் கழிந்த பின்னரே அவன் இலண்டனில் இறங்கினான் என்பது பிற்பாடு தெரிந்தது. அதனோடு முடிந்ததோ? தீயின் நினைவாக 1677-இல் எழுந்த 202 அடி உயரத் தூணில், 1681-இல், கத்தோலிக்கரே குற்றவாளிகள் என்னும் கருத்துப்படச் சில வரிகள் பொறிக்கப்பெற்றன. 1830-இல்தான் அவை நிலையாக நீக்கப்பெற்றன. அன்பர்காள்! கல்லில் வெட்டியது என்பதனாலேயே ஒரு செய்தி மெய்யாகிவிடுவதில்லை. வரிக்கணக்கன் எழுதிய எளிய ஏடு, அரசாங்கத் தூணினும் நம்பத்தக்கதாய் நின்றது.

இன்னும் ஒன்று. இலண்டன் ரொட்டி வணிகர்க்கு ஒரு தொழிற்சங்கம் உண்டு. 1486-இல் ஏழாம் ஹென்றி மன்னரிடம் பட்டயம் பெற்றது. 1986-இல், தம் பட்டயத்தின் ஐந்நூறாம் ஆண்டு நிறைவை அவர்கள் எங்ஙனம் நினைவுகூர்ந்தனர்? தம் பெருமையை மட்டும் பாடவில்லை. பெருந்தீ தொடங்கியது தம் தொழிலைச் சேர்ந்தவரின் கடையிலேதான் என்று குறிக்கும் பலகை ஒன்றைப் புடிங் லேனில் தாமே அமைத்தனர். 320 ஆண்டுகள் சென்றன, ஆயினும் செய்தனர். அதனால் அச்சங்கத்தின் மதிப்புக் குறைந்ததா, கூடிற்றா? நீங்களே சீர்தூக்கிக் காண்க.

இதனை ஈண்டு விரித்துரைத்தற்குக் காரணம் உண்டு. நமதும் ஒரு சங்கமே. நம் குலத்தின் தொன்மையும் பெருமையும் கூறும் கட்டுரைகள் இத்தகைய வெளியீடுகளில் நிரம்ப வருகின்றன. யாமும் அவற்றை ஆர்வத்தோடு படிப்போம். ஆயின், அந்நான்கு வினாக்களைக் கற்ற சிறுவன் வகுப்பறையிலேயே அவற்றை விட்டுவிட்டு வரமாட்டான். வீட்டுக்கு வந்து, "தாத்தா, நம் முன்னோர் இன்ன மன்னரின் வழியினர் என்பதற்கு ஆதாரம் யாது?" என்று கேட்பான். சிறுமியோ, "அப்பா, நம் ஊர்க் குளத்திலும் கிணற்றிலும் நம்மவர் யாரைத் தண்ணீர் எடுக்கவிடாது தடுத்தனர்?" என்றும் கேட்பாள். அப்போது நாம் அவர்களை அதட்டப் போகின்றோமா? அல்லது, "வா குழந்தாய், ஏட்டை எடுத்துப் பார்ப்போம்" என்று உடன் அமரப் போகின்றோமா? நேரலைக்குரிய கருவியை வாங்குதல் எளிது. இவ்வினாவைத் தாங்குதலே அரிது.

சிலர் தடை கூறுவர். திரையைப் பார்த்தே பிள்ளைகள் கெடுகின்றனர்; மேலும் ஒரு திரையா என்பர். அறுபது சிறுவர் அசையாது திரையை நோக்கி இருப்பின் அத்தடை மெய்யே. கையில் ஆவணத்தின் படியும், மனத்தில் ஒரு வினாவும் இல்லாதவனுக்கு நேரலையும் சினிமாவும் ஒன்றே. கருவியைக் குறை கூறுதலினும் ஆயத்தத்தைத் திருத்துதல் நன்று.

ஆதலின் நம் சங்கப் பள்ளிக்குச் சில விண்ணப்பங்கள். பெரிய திரைக்குச் செலவிடுமுன் நல்ல ஒலிவாங்கி ஒன்று வாங்குக. கடைசிப் பலகைச் சிறுவனின் குரல் அப்புறத்தார் காதில் விழுதல் வேண்டும். நிகழ்ச்சிக்கு ஒரு வாரம் முன்னரே ஆவணத்தின் படியைப் பிள்ளைகளுக்குக் கொடுத்து, ஒவ்வொருவரும் ஒரு வினா எழுதிவரச் செய்க. அயல்நாட்டு நிலையங்களையே எதிர்பார்த்திருத்தலும் வேண்டா. உங்கள் வீட்டுப் பெட்டிகளில் பழைய கிரயப் பத்திரங்களும், ஓலைகளும், கடல் கடந்து சென்றோர் எழுதிய கடிதங்களும் உறங்குகின்றன. அவற்றுள் ஒன்றை எடுத்துவந்து, காமிராவின் முன் விரித்து, இரண்டு பள்ளிப் பிள்ளைகள் கேள்வி கேட்க இசைவீர்களாக. அவ்விரண்டாம் பள்ளி நம் சமூகத்தார் நடத்தாத பள்ளியாய் இருத்தல் நலம். ஒரே பத்திரத்தை, நிலம் வாங்கினவர் பேரனும் அந்நிலத்தில் உழைத்தவர் பேரனும் ஒருங்கே படிக்கும்போது, நம்மவர் மட்டும் படித்தால் தோன்றாத வினாக்கள் தோன்றும்.

அவ்வினாக்களுக்கு அஞ்சாத சங்கமே நீடு வாழும்.