நோவிடையே பிறர்க்காக



உடல் நலமாயிருக்குங்கால் பிறருக்காக இரங்குவது அரிய காரியமன்று. தன் உடம்பே தனக்குப் பகையாகி நிற்கும் வேளையில், அயலான் துயரை நினைப்பதற்கு மனத்தில் இடம் உண்டா என்பதே கேள்வி. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பது நம் நாட்டுப் பழமொழி. அது உண்மைதான். ஆயினும், தெரிந்துகொண்ட பின்னர் நாம் செய்வது என்ன? அதைப் பற்றிப் பழமொழி ஒன்றும் கூறவில்லை. அதைக் குறித்தே இன்று சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன்.

கிறிஸ்தவ மார்க்கத்தில், பிறருக்காகப் பரிந்து வேண்டுதல் ஒரு முக்கியமான கடமை. அதைச் சுகமாயிருப்போர் மட்டும் செய்ய வேண்டுமென்று வேதாகமம் கூறவில்லை. உள்ளங்கால் முதல் உச்சந்தலை வரை புண்ணாகிச் சாம்பலில் உட்கார்ந்தவன் யோபு. தன்னைத் தேற்ற வந்து குற்றஞ்சாட்டிய சிநேகிதர்களுக்காக அவன் வேண்டிக்கொண்டபோதே அவனுடைய சிறையிருப்பு மாறிற்று என்கிறது அவன் சரிதத்தின் 42ஆம் அதிகாரம். சிலுவையில் அறையப்பட்ட இயேசுபிரானும் தம்மை வதைத்தவர்களுக்காகவே வேண்டினார். இவை பழங்காலச் செய்திகள் ஆயிற்றே என்று சிலர் கருதலாம். ஆகவே, நம் தமிழ்நாட்டிலேயே, நம் பாட்டனார் காலத்தில் வாழ்ந்த ஒருவரைக் காட்டுகிறேன்.

ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1867ஆம் ஆண்டு அயர்லாந்தில் பிறந்தவர். 1895இல் இந்தியா வந்து, பின்பு திருநெல்வேலிச் சீமையை அடைந்து தமிழ் கற்றார். 1901 முதல் ஆதரவற்ற குழந்தைகளை ஏற்றுக் காத்தார். களக்காட்டை அடுத்த டோனாவூர் அக்குழந்தைகளின் இல்லமாயிற்று. சிறியோரும் பெரியோரும் அவரை 'அம்மா' என்றே அழைத்தனர்.

1931ஆம் ஆண்டு அக்டோபர் 24ஆம் நாள், களக்காட்டில் ஒரு வீட்டைப் பார்வையிடச் சென்ற அம்மையார், அங்கே வெட்டியிருந்த குழியில் விழுந்தார். கால் எலும்பு முறிந்தது. சில வாரங்களில் நடமாடலாம் என்றே எல்லோரும் எண்ணினர். அவ்வாறு நிகழவில்லை. வேறு நோவுகளும் தொடர்ந்தன. 1951 ஜனவரி 18இல் காலமாகும் வரை, பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேல், பெரும்பாலும் தம் அறைக்குள்ளேயே அவர் வாழ நேர்ந்தது.

நாளெல்லாம் ஓடியாடிப் பணி செய்தவருக்கு இது எத்தகைய சோதனை! ஆனால் அந்த அறை முறையீட்டு மண்டபமாகவில்லை. குழந்தைகளுக்காகவும் ஊழியர்களுக்காகவும் அங்கே வேண்டுதல் நடந்தது. அவர்களுக்குச் சிறு கடிதங்கள் எழுதப்பட்டன. நூல்கள் பல பிறந்தன. 1933இல் வெளிவந்த 'ரோஸ் ஃப்ரம் ப்ரையர்' என்னும் நூல், நோயாளி ஒருவர் நோயாளிகளுக்கு எழுதிய கடிதங்களாகும். சுகமுள்ளோர் நோயுற்றோருக்கு எழுதும் ஆறுதல் மொழிகள் நெஞ்சைத் தொடுவதில்லை என்பதைப் படுக்கையில் அவர் உணர்ந்தார். ஆகவே நோயுற்றோருக்குத் தாமே எழுதினார்.

அவருடைய வலி நீங்கிற்றா? நீங்கவில்லை. இதை நான் மறைக்க விரும்பவில்லை. பிரார்த்தனை வலிக்குத் தைலமாகும் என்று சொல்லி உங்களை ஏமாற்றலாகாது. பின் அதனால் விளைந்தது யாது? வலியின் இயல்பை எண்ணிப் பாருங்கள். அது உலகத்தைச் சுருக்குகிறது. ஊர் சுருங்கி வீடாகும்; வீடு சுருங்கிக் கட்டிலாகும்; இறுதியில் 'நான்' என்னும் ஒரே சொல் எஞ்சும். பிறர் பெயரைச் சொல்லி வேண்டும்போது, அடைத்த கதவு ஒன்று வெளிப்புறமாகத் திறக்கிறது. வலி இருக்கும், அதன் தனியாட்சி இராது.

நாற்பதாண்டு வகுப்பறையில் நின்ற என் கால்கள் இன்று வட்டியுடன் கடனைக் கேட்கின்றன. வட்டிக்கணக்கு அறியாத செட்டிநாட்டார் உண்டோ! முழங்கால் நோவினால் உறக்கம் கலையும் இரவுகளில், கல்லலைக் கடக்கும் இரயிலின் ஓசை கேட்கும். அதில் வேலை தேடிச் செல்பவர் இருப்பர். வைத்தியத்துக்குச் செல்பவரும் இருப்பர். பெயர் அறியேன், அவர்களுக்காக வேண்டுகிறேன். பின்பு பெயர் அறிந்த பழைய மாணவர்களை ஒவ்வொருவராக நினைக்கிறேன். நோவு போய்விடுவதில்லை, ஆனால் விடியும் வரை நான் தனியனல்லன்.

"படுத்துக்கொண்டு வேண்டினால் பசித்தவன் வயிறு நிறையுமா?" என்று உங்களில் ஒருவர் வினவலாம். நல்ல கேள்வி. செய்யக்கூடியதைச் செய்யாமல் வேண்டிக்கொள்வது சோம்பலுக்குப் பக்திவேடம் இடுவதாகும். மெய்யான வேண்டுதல் கையைச் சும்மா விடாது. ஒருவனை இரவில் நினைத்தவன், காலையில் அவனுக்கு ஒரு கடிதமாவது எழுதுவான். டோனாவூர் அம்மையாரின் பேனா ஓய்ந்திருக்கவில்லை என்பதை மறவாதீர்கள்.

நீங்கள் எச்சமயத்தவராயினும் ஆகுக. தேர்வுக் காலத்தில் காய்ச்சலாய்ப் படுக்கும்போது, மருந்தை உண்ணுங்கள், ஓய்வு கொள்ளுங்கள், அத்துடன், கட்டணம் கட்ட வழியின்றித் தவிக்கும் வகுப்புத் தோழன் ஒருவனை நினையுங்கள். எழுந்தவுடன் அவனிடம் செல்லுங்கள். வேண்டுதலின் மறுபாதி அங்கேதான் நிறைவெய்தும்.