பிள்ளைக் காம்பரா முற்றத்தில் கொஞ்சம் மண் வேண்டும்

(தோட்டத் தலைவர்கள், தலைவிமார் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)



வழமையாக நாம் கூடினால் சம்பளத்தைப் பற்றிக் கதைப்போம். கிலோ கணக்கு, அரைப்பேர், சேமலாப நிதி என்று பேச்சு போகும். அந்தப் பேச்சு ஓயவில்லை, ஓய விடவும் மாட்டோம். ஆனால் இன்று எமது பிள்ளைகளைப் பற்றிக் கதைக்க வேண்டியிருக்கிறது. பிள்ளைகளுக்கும் அவர்களைச் சுற்றியுள்ள மலை, மண், ஆறு ஆகியவற்றுக்கும் உள்ள உறவுதான் இன்றைய விடயம்.

"இது என்ன பேச்சு? பச்சைக்கு நடுவில்தானே நாங்கள் இருக்கிறோம்?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். உல்லாசப் பயணிகள் வந்து படம் பிடித்துப் போகும் மலைகளில்தான் எமது லயன்கள் இருக்கின்றன. ஆனாலும் பச்சையைப் பார்ப்பது வேறு, அதோடு பழகுவது வேறு.

நாம் சிறுவர்களாக இருந்தபோது பீலிக்கரையில் குளித்தோம். ஆற்றில் துணி விரித்து மீன் பிடித்தோம். கொய்யா மரம் ஏறினோம். மழை விட்ட மறுநாள் காளான் தேடிப் போனோம். அப்போது வறுமை இருந்தது, அட்டைக்கடியும் இருந்தது. அந்தக் காலம் பொற்காலம் என்று சொல்ல நாம் வரவில்லை. ஆனால் எந்தக் கீரை எங்கே முளைக்கும், எந்த ஊற்று வற்றாது என்பது எமக்குத் தெரிந்திருந்தது.

இன்று பாடசாலை விட்டால் டியூஷன், டியூஷன் விட்டால் கைத்தொலைபேசி. "மலைப்பக்கம் போகாதே" என்று நாமே பிள்ளைகளைத் தடுக்கிறோம். அதற்குக் காரணமும் இருக்கிறது. புல்லுக்கு மருந்து அடித்திருப்பார்கள், குளவி கொட்டும், சிறுத்தை நடமாட்டம் உண்டு. இவற்றைவிட ஆழமான காரணம் ஒன்றும் உண்டு. "நாங்கள் பட்டது போதும், நீ மண்ணை மிதிக்காமல் படி" என்கிறோம். நான்கைந்து தலைமுறை வலியில் பிறந்த சொல் அது. அதைக் குறை சொல்ல எவருக்கும் உரிமை இல்லை. ஆனால் பிள்ளையின் காதில் அது வேறு மாதிரி விழுகிறது. மண் கேவலம், மலை கேவலம், அந்த மலையில் வேலை செய்யும் அம்மாவின் கையும் கேவலம் என்று விழுகிறது. அதுதான் எமக்குக் கவலை.

மண்ணோடு பழகுவது பிள்ளைக்கு என்ன தரும்? பின்லாந்து நாட்டில் சிறுவர் பராமரிப்பு நிலையங்கள் சிலவற்றின் வெறும் முற்றங்களில் காட்டு மண்ணையும் புல்லையும் பரப்பி, பிள்ளைகளை 28 நாட்கள் அங்கே விளையாட விட்டார்கள். அந்தப் பிள்ளைகளின் தோலில் நல்ல நுண்ணுயிர்களின் வகைகள் கூடின. உடலின் நோயெதிர்ப்புச் சக்தி சீராக இயங்குவதற்கான அறிகுறிகளும் இரத்தத்தில் தெரிந்தன. 2020இல் இந்த முடிவுகள் வெளிவந்தன.

சீனாவின் குவாங்சோ நகரில் முதலாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தினமும் 40 நிமிடம் கூடுதலாக வெளியில் நேரம் கொடுத்தார்கள். மூன்று வருடங்களில் அந்தப் பிள்ளைகளில் நூற்றுக்கு 30 பேரளவில் கிட்டப்பார்வை வந்தது. மற்றப் பிள்ளைகளில் நூற்றுக்கு 40 பேரளவில் வந்தது. கண்ணாடி வாங்கவே கடன்படும் குடும்பங்களுக்கு இது சின்ன விடயம் அல்ல.

டென்மார்க்கில் ஒன்பது இலட்சத்துக்கும் அதிகமானோரின் பதிவுகளைப் பார்த்தார்கள். பச்சை நிறைந்த சூழலில் வளர்ந்தவர்களுக்குப் பிற்காலத்தில் மனநோய் வருவது குறைவாக இருந்தது. பெற்றோரின் வருமானத்தைக் கணக்கில் எடுத்த பிறகும் அந்த வித்தியாசம் தெரிந்தது. அமெரிக்காவில் 2,000 பேருக்கு மேல் விசாரித்த இன்னோர் ஆய்வு 2006இல் வந்தது. 11 வயதுக்கு முன் காடு மேடுகளில் திரிந்தவர்கள், வளர்ந்த பின்னும் இயற்கையைக் காக்கும் எண்ணம் உடையவர்களாக இருப்பது அதில் தெரிந்தது. விதை போட்டுச் செடி வளர்த்த பழக்கத்துக்கும் ஓரளவு பலன் இருந்தது.

எமது மலை சாதாரண மலை அல்ல. மகாவலியும் களனியும் மலையகத்தில்தான் பிறக்கின்றன. சிவனொளிபாதமலைக் காடுகள், ஹோட்டன் சமவெளி, நக்கிள்ஸ் ஆகியவற்றை யுனெஸ்கோ 2010இல் உலக மரபுரிமையாக அறிவித்தது. எமது பிள்ளைகளில் எத்தனை பேர் ஒரு தடவையாவது அங்கே போயிருக்கிறார்கள்?

மலையை அறிவது உயிரைக் காக்கும் அறிவும்கூட. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயன்களை மூடியதை நாம் மறக்க முடியாது. நிலத்தில் புது வெடிப்பு, சாய்ந்து நிற்கும் மரம், திடீரெனக் கலங்கி வரும் ஊற்று ஆகியவை மண்சரிவின் முன்னறிகுறிகள். மலையோடு பழகிய பிள்ளை இவற்றைக் கண்டுகொள்ளும். கைத்தொலைபேசிக்குள் தலையை விட்ட பிள்ளைக்கு ஊற்று கலங்கியது எப்படித் தெரியும்?

ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறோம். பிள்ளைகளைக் கொழுந்து பறிக்க அனுப்புங்கள் என்று நாம் கேட்கவில்லை. வேலைக்கு அமர்த்தக்கூடிய ஆகக்குறைந்த வயது 2021 முதல் 16. அதை மீற எவரையும் விடமாட்டோம். நாம் கேட்பது விளையாட்டும் அறிவும். 1989ஆம் ஆண்டின் சிறுவர் உரிமைகள் சமவாயத்தை இலங்கை 1991இல் ஏற்றுக்கொண்டது. விளையாடும் உரிமையும், இயற்கையை மதிக்கக் கற்கும் உரிமையும் அதில் எழுதப்பட்டிருக்கின்றன.

ஆகவே, தோட்ட நிர்வாகங்களிடம் மூன்று கோரிக்கைகளை முன்வைப்போம்.

ஒன்று, ஒவ்வொரு பிள்ளைக் காம்பராவின் முற்றத்திலும் கொங்கிரீட் போடாத, வேலி அடைத்த ஒரு துண்டு மண். அதில் புல்லும் பழமரமும் வேண்டும்.

இரண்டு, லயன், பாடசாலைப் பாதை, ஊற்று ஆகியவற்றுக்குப் பக்கத்தில் மருந்து அடிக்கக் கூடாது. மற்ற இடங்களில் அடிப்பதானால் முதல் நாள் பெரட்டிலேயே அறிவிக்க வேண்டும்.

மூன்று, குளவிக்கூடுகள் உள்ள மலைகளை அடையாளப்படுத்த வேண்டும். அது பறிக்கப் போகும் எமக்கும் பாதுகாப்பு.

வீட்டில் நாம் செய்ய வேண்டியதும் உண்டு. லயன் வாசலில் நாலு மரக்கறிக் கன்று வைத்து, அதில் ஒன்றைப் பிள்ளையின் பொறுப்பில் விடுவோம். ஞாயிற்றுக்கிழமையில் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஊற்று வரை நடப்போம். தாத்தா, பாட்டிக்குத் தெரிந்த மூலிகைப் பெயர்களைக் கேட்டு எழுதச் சொல்வோம்.

பிள்ளை படிக்கட்டும். வைத்தியராகட்டும், ஆசிரியராகட்டும், விரும்பிய ஊரில் வேலை செய்யட்டும். ஆனால் தன் மலையைப் பார்த்து வெட்கப்படாமல் போகட்டும். காட்டை வெட்டி இந்தத் தோட்டங்களை உண்டாக்கியவர்கள் எமது பாட்டன், பூட்டன்கள். மிச்சமிருக்கும் காட்டையும் ஊற்றையும் காக்கும் அறிவு எமது பிள்ளைகளிடம் இருக்க வேண்டும்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது, உங்கள் தோட்டத்துப் பிள்ளைக் காம்பரா முற்றம் எப்படி இருக்கிறது என்று தலைவிமார் பார்த்து வந்து சொல்ல வேண்டும். அந்த விபரங்களோடு நிர்வாகத்திடம் பேசப் போவோம்.