வீட்டுக் குப்பையும் பிறத்தியார் கையும்

(சாலவாக்கத்தில் நடைபெற்ற பொதுக்கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



இன்று எனக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் விஷயம் "வீட்டில் பசுமை" என்பதாகும். தலைவர் அவர்கள் என்னைப் பெரிய அறிவாளி என்பதாக அறிமுகப்படுத்தினார்கள். நான் எட்டாவது வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அதற்குமேல் படித்ததெல்லாம் டீக்கடைப் பத்திரிகையிலும் நூல் நிலையத்திலும் படித்ததுதான். ஆகவே நான் சொன்னேன் என்பதற்காக எதையும் ஒப்புக்கொண்டுவிடாதீர்கள். வீட்டிற்குப் போய்ச் செய்து பாருங்கள். சரியில்லை என்று கண்டால் தள்ளிவிடுங்கள்.

பசுமை என்றவுடன் நம் ஜனங்களுக்கு மரம் நடு விழாதான் ஞாபகத்திற்கு வருகிறது. பத்துப் பேர் ஒரு செடியைப் பிடித்துக்கொண்டு படம் எடுத்துக் கொள்ளுகிறார்கள். மறுநாள் அந்தச் செடியை ஆடு மேய்ந்துவிடுகிறது. அதைப் பற்றிப் பேச நான் வரவில்லை. என் வீட்டில் நடந்த ஒரு வெட்கக்கேடான சங்கதியைச் சொல்லி ஆரம்பிக்கிறேன்.

நான் தினமும் முகச்சவரம் செய்துகொள்ளுகிறவன். தேய்ந்த பிளேடை அப்படியே குப்பைக் கூடையில் போடுவது என் வழக்கம். ஒரு நாள் காலை எங்கள் தெருவிற்குத் தள்ளுவண்டியோடு வந்த தூய்மைக் காவலர் அம்மையார், கூடையைக் கவிழ்த்துக் கையால் பிரிக்கையில் அவர் விரல் கிழிந்துவிட்டது. முந்தானையில் துடைத்துக்கொண்டு, நான் பதறியதைக் கண்டு, "பரவாயில்லைங்க அண்ணா" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டிற்குப் போய்விட்டார். என் துணைவியார் என்னைப் பார்த்து, "ஊர் ஊராய்ப் போய் மனிதனுக்கு மனிதன் சமம் என்று பேசுகிறீர்களே, அந்த அம்மாள் கையை நினைத்தா பிளேடைப் போட்டீர்கள்?" என்று கேட்டார். இருபது வருஷமாக மேடையில் பேசுகிறேன். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

தோழர்களே! குப்பையைப் பிரித்துப் போடுங்கள் என்று சர்க்கார் சொல்லுகிறது. 2016ஆம் ஆண்டுத் திடக்கழிவு விதிகளிலேயே மக்கும் குப்பை, மக்காத குப்பை, கேடு செய்யும் குப்பை என்று மூன்றாகப் பிரித்துக் கொடுக்க வேண்டியது வீட்டுக்காரன் கடமை என்று எழுதி வைத்தார்கள். பூமியைக் காப்பாற்றுவதற்காக என்று அதற்குக் காரணம் சொல்லுகிறார்கள். வாஸ்தவந்தான். ஆனால், பூமிக்கு முன்னால் ஒரு கை இருக்கிறது. நாம் பிரிக்காவிட்டால் குப்பை பிரிபடாமல் போவதில்லை. வேறொருவர் கை பிரிக்கிறது. அந்தக் கை எந்தத் தெருவிலிருந்து வருகிறது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. என் அழுக்கை நான் தொட்டால் தீட்டு, இன்னொருவன் தொட்டால் அது அவன் தொழில் என்கின்ற பழைய புத்திதான், இன்று கூடையைக் கட்டாகக் கட்டி வாசலில் வைக்கும் வழக்கமாக நின்று கொண்டிருக்கிறது.

உத்திரமேரூர் உங்களுக்குத் தூரமில்லை. அங்கே பராந்தக சோழன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளில் வெட்டிய கல்வெட்டைப் பார்க்க எங்கெங்கிருந்தோ வருகிறார்கள். ஊரை முப்பது குடும்பாகப் பிரித்துக் குடவோலை போட்டு, ஏரி வாரியம், தோட்ட வாரியம் என்று ஆள் எடுத்தார்கள். ஏரியைப் பார்த்துக்கொள்ள ஆயிரம் வருஷத்திற்கு முன்பே ஒரு கமிட்டி வைத்தது மெச்சத் தக்கதுதான், மறுக்கவில்லை. ஆனால் ஓலையில் பேர் ஏற என்ன யோக்கியதை கேட்டார்கள்? கால்வேலிக்கு மேல் நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதம் தெரிந்திருக்க வேண்டும். ஏரியில் தூர் வாரியவன் வேதம் படித்தவனா? அவன் பேர் குடத்திற்குள் போயிருக்குமா? தண்ணீரைப் பற்றி உத்தரவு போட ஒருவன், சேற்றில் இறங்க ஒருவன் என்கின்ற ஏற்பாட்டை நம் வீட்டுப் புழக்கடையில் இன்றும் வைத்துக்கொண்டிருக்கிறோமா என்பதுதான் என் கேள்வி.

சரி, என்ன செய்யலாம்? "குப்பை" என்ற சொல்லையே எடுத்துக் கொள்ளுங்கள். நம் பாட்டன்மார் காலத்தில் குப்பை என்றால் எரு. "நிலத்துக்குக் குப்பை அடித்தாயிற்றா?" என்றுதான் ஒருவரையொருவர் விசாரிப்பார்கள். அன்று குப்பை வண்டி எதிரே வந்தால் யாரும் மூக்கைப் பிடிக்கவில்லை. இன்று அதே குப்பையில் பாலித்தீன் பையும் கண்ணாடித் துண்டும் கலந்துவிட்டபடியால், எந்த விவசாயியும் இலவசமாய்க் கொடுத்தாலும் வாங்கமாட்டான். ஆகவே புழக்கடையில் மூன்றடிக்கு மூன்றடி ஒரு குழி எடுங்கள். காய்கறித் தோல், முட்டை ஓடு, மீந்த சோறு எல்லாவற்றையும் அதில் போட்டு, மேலே காய்ந்த சருகும் ஒரு கைப்பிடி மண்ணும் தூவுங்கள். நாற்றம் வந்தால் ஈரம் அதிகமாகிக் காற்றுப் புகவில்லை என்று அர்த்தம்; இன்னும் சருகு போட்டுக் கிளறிவிடுங்கள். சில மாதங்களில் எருவாகிவிடும். குழி வெட்டுவதும் கிளறுவதும் ஆண்பிள்ளைகள் வேலையாக இருக்கட்டும். ஏற்கெனவே விடியுமுன் எழுந்திருக்கும் பெண்ணின் தலையில் "பசுமை" என்று இன்னொரு சுமையை ஏற்றுவதற்கு நான் இங்கு வரவில்லை.

பிளேடு, உடைந்த கண்ணாடி, ஊசி இவைகளை ஒரு பழைய டப்பாவில் போட்டு மூடி, வாயால் சொல்லிக் கையில் கொடுங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன்.

மாட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. பசுவைத் தாய் என்று கும்பிடுகிறவர்கள் வீட்டிலேயே மீந்த சோற்றைப் பாலித்தீன் பையில் முடிச்சுப் போட்டுத் தெருவில் எறிகிறார்கள். அந்தத் தாய்க்கு முடிச்சு அவிழ்க்கத் தெரியாது; பையோடு விழுங்குகிறது. பிளாஸ்டிக்கு வயிற்றில் செரிப்பதில்லை. பந்துபோல் சேர்ந்து தீனி எடுக்கவிடாமல் கொல்லுகிறது. கும்பிடுவதை நிறுத்தாவிட்டாலும், முடிச்சுப் போடுவதையாவது நிறுத்தினால் மாடு பிழைத்துப் போகும்.

இனி அடுப்பு. நம் ஊர்களில் எரிவாயு அடுப்பு வந்துவிட்டது. ஆனால் சிலிண்டர் தீர்ந்துவிடுமே என்று பல வீடுகளில் அதை டீக்கு வைத்துக்கொண்டு, குளிக்க வெந்நீருக்கு மட்டும் புழக்கடையில் விறகு மூட்டுகிறார்கள். விறகு ஈரமாயிருந்தால் ஒரு பாலித்தீன் பையைக் கொளுத்திச் செருகுகிறார்கள். தோழர்களே, இது வேண்டவே வேண்டாம். அதிலும் குளோரின் கலந்த பி.வி.சி. போன்ற பிளாஸ்டிக்கு எரிந்தால் டையாக்சின் என்கின்ற விஷம் கிளம்புகிறது. சும்மா விறகுப் புகையே போதும்; 2020ஆம் ஆண்டில் வீட்டுக்குள் அடுப்புப் புகையினால் உலகத்தில் இறந்தவர்கள் சுமார் 32 லட்சம் பேர் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டது. அடுப்பிடம் குனிந்து ஊதுகிறவர் யார், திண்ணையில் உட்கார்ந்து "வெந்நீர் ஆச்சா?" என்று கேட்பவர் யார் என்று யோசியுங்கள். இந்த வெயில் ஊரில், நோயாளியும் குழந்தையும் தவிர மற்ற ஆண்பிள்ளைகள் பச்சைத் தண்ணீரில் குளித்தால் ஒன்றும் குறைந்துபோகாது.

எரிவாயு மீதியாக ஒரு சின்ன விஷயம்: தண்ணீர் கொதித்துவிட்ட பிறகு தீயை எவ்வளவு பெரிதாக்கினாலும், திறந்த பாத்திரத்தில் அதன் சூடு சுமார் நூறு டிகிரிக்கு மேல் ஏறாது, ஆவியாகத்தான் போகும். கொதித்ததும் தீயைக் குறைத்து மூடி போடுங்கள், பருப்பை முன்னாலேயே ஊற வையுங்கள். பெண்களுக்கு இது தெரியும். "சீக்கிரம், சீக்கிரம்" என்று கத்துகிறவர்களுக்காகச் சொல்லுகிறேன்.

விளக்கிற்கு வருவோம். 2016இல் வீடுகளுக்கு முதல் 100 யூனிட்டு இலவசம் என்று ஆன பிறகு, "இலவசந்தானே" என்கின்ற அலட்சியம் வந்துவிட்டது. சாமி படத்தின் முன்னால் இராப்பகலாய் எரியும் சிவப்புச் "சீரோ வாட்" பல்பைப் பாருங்கள். பேர்தான் சீரோ, பழைய மாதிரிப் பல்பு சுமார் 15 வாட் தின்கிறது. இருபத்து நான்கு மணி நேரமும் எரிந்தால் மாதத்திற்குப் பத்து யூனிட்டுக்கு மேலாகிறது. 60 வாட் குண்டு பல்பு கொடுக்கும் வெளிச்சத்தை 9 வாட் எல்.இ.டி. பல்பு கொடுக்கிறது; அதைத் தினம் அய்ந்து மணி நேரம் எரித்தால் மாதம் ஒன்றரை யூனிட்டுகூட ஆகாது. எரிகிற சாமியின் பல்பு, படிக்கிற பிள்ளையின் பல்பைப்போல் ஏழு பங்கிற்கு மேல் தின்கிறது! நமக்கு இலவசமாக வரும் மின்சாரத்திற்கு வேறொருவர் விலை கொடுக்கிறார். எண்ணூர் வட்டாரத்து அனல் மின் நிலையங்களில் நிலக்கரி எரிகிறது. அந்தச் சாம்பல் கழிமுகத்தில் படிந்து மீனவர் பிழைப்பைக் கெடுத்தது ஊரறிந்த விஷயம். நம் பிளேடு ஒரு விரலைக் கிழித்த மாதிரிதான் இதுவும். தூரத்தில் இருப்பதால் இரத்தம் தெரிவதில்லை.

பையைப் பற்றிச் சுருக்கமாய்ச் சொல்லுகிறேன். ஒரு தடவை உபயோகித்து எறியும் 14 வகைப் பிளாஸ்டிக்குப் பொருள்களை 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்தார்கள். 2021 டிசம்பரில் "மீண்டும் மஞ்சப்பை" என்று ஆரம்பித்தார்கள். ஒரு காலத்தில் மஞ்சப்பைக்காரன் என்றால் பட்டிக்காட்டான் என்று கேலி செய்த பட்டணத்தார், இப்போது அதைத் தூக்கிக்கொண்டு படம் பிடித்துக்கொள்ளுகிறார்கள். நல்லது. ஆனால் பருத்தி விளையத் தண்ணீர் வேண்டும், நூற்க நெய்ய மின்சாரம் வேண்டும். கூட்டத்திற்குக் கூட்டம் ஒரு மஞ்சப்பை வாங்கி ஆணியில் மாட்டி வைத்தால் ஒரு பிரயோஜனமும் இல்லை. ஒரே பை கிழிந்து, தைத்து, மறுபடி கிழிய வேண்டும். இன்றைக்கு இங்கே பை கொடுக்கவில்லை என்று வருத்தப்படுகிற தோழர்களுக்கு அதுதான் என் சமாதானம்.

நேரமாகிவிட்டது. நான் சொன்னவைகளில் ஆட்சேபனை உள்ளவர்கள் கடிதத்தில் எழுதித் தலைவரிடம் கொடுக்கலாம். இருந்து பதில் சொல்லிவிட்டுத்தான் போவேன். கடிதத்தைப் படித்த பிறகு கீழே போட்டுவிடாமல் என்னிடமே கொடுத்துவிடும்படி தலைவர் அவர்களைக் கேட்டுக்கொள்ளுகிறேன். நாளைக் காலையில் இந்தத் திடலைக் கூட்டப்போகிறவர் இந்தக் கூட்டத்தில்தான் கடைசி வரிசையில் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.