நான் கொண்டு வராத கத்தி

(பழைய மாணவர் சங்கக் கூடுகையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். உரையாற்றியவர் 1974–77 தாவரவியல் இளங்கலை மாணவர்.)



சங்கச் செயலாளர் என்னை அழைத்தபோது, "என்ன தலைப்பு வேணும்னாலும் பேசுங்க, ஆனா அந்தக் கத்தியை மட்டும் மறக்காம எடுத்துட்டு வாங்க" என்றார். கத்தியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். கத்தியைக் கொண்டு வரவில்லை. ஏன் கொண்டு வரவில்லை என்பதுதான் இன்றைய பேச்சு.

அந்தக் காலத்தில் நம் விடுதியில் இருந்தவர்களுக்கு அந்தக் கத்தியைத் தெரியும். இளைய தலைமுறைக்காகச் சொல்கிறேன். அது ஒரு மடக்குக் கத்தி. பேனாக்கத்தி என்று சொல்ல முடியாது. இறகுப் பேனாவைச் சீவுவதற்கு வைத்திருந்ததால் பேனாக்கத்தி என்று பெயர் வந்தது. இதை வைத்து தென்னை மட்டையையே சீவலாம். அலகு மட்டும் 12 சென்டிமீட்டர். விரித்தால் நுனியிலிருந்து வால்வரை 28 சென்டிமீட்டர், அதாவது பதினோரு அங்குலம். மடக்கினாலும் பாக்கெட்டுக்குள் முழுசாக அடங்காது, தலையை நீட்டிக்கொண்டு நிற்கும்.

அது பிரான்ஸ் தேசத்துக் கத்தி. ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில் சவோய் என்று ஒரு பகுதி. அங்கே ஜோசப் ஒப்பினெல் என்பவர் 1890ல் செய்யத் தொடங்கியது. கிராமத்து விவசாயிக்கும் இடையனுக்கும் கட்டுப்படியாகிற எளிய கத்தி. ஒரு மரப்பிடி, ஓர் அலகு, ஓர் ஆணி, கழுத்தில் ஓர் இரும்புப் பட்டை, அவ்வளவுதான். 1897ல் ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை எண் போட்டுப் பன்னிரண்டு அளவுகளில் செய்தார்கள். என்னுடையது 12ஆம் எண், அந்த வரிசையிலேயே பெரியது. 1955ல் மார்செல் ஒப்பினெல் என்பவர் கழுத்தில் சுழலும் வளையம் ஒன்றைச் சேர்த்தார். அலகை விரித்து வளையத்தைத் திருகினால் கத்தி தானாக மடங்கி விரலை அறுக்காது. அலகின் மேல் முத்திரை ஒன்று உண்டு: ஆசீர்வதிக்கும் ஒரு கை, அதன்மேல் ஒரு கிரீடம். கத்தியில் ஆசீர்வதிக்கும் கை! அதை அப்போது நான் கவனித்துப் பார்த்ததுகூட இல்லை.

சவோய் கத்தி நம் விடுதிக்கு எப்படி வந்தது? புதுச்சேரி வழியாக வந்தது. என் அறை நண்பன் புதுச்சேரிக்காரன். அவனுடைய பெரியப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். அந்த ஊரில் அவர்களை 'சொல்தா' என்பார்கள். அவர் தம்பி மகனுக்குக் கொடுத்த கத்தி அது. அவனுக்கோ கத்தியைக் கண்டாலே பயம். என்னிடம் ஒரு ஹீரோ பேனா இருந்தது. மாற்றிக்கொண்டோம். "பேனாவைக் கொடுத்துக் கத்தி வாங்கினவன்" என்று விடுதியே என்னைக் கேலி செய்தது. எனக்கு அது கேலியாகவே படவில்லை. பெருமையாக இருந்தது.

எதற்கு அதைத் தூக்கிக்கொண்டு அலைந்தேன் என்று கேட்டால், பொட்டனி மாணவன், செடி வெட்ட வேண்டும் என்று சொல்வேன். அது பாதி உண்மை. மீதிப் பாதிக்கு இன்றைய மாணவர்களிடம் சரியான சொல் இருக்கிறது: கெத்து. பெல்பாட்டம் பேண்ட், அதிலிருந்து எட்டிப் பார்க்கும் கத்திப் பிடி. வெட்டுவதற்கு ஒன்றும் இல்லாதபோதும் கை அங்கேயே போகும்.

இரண்டாம் ஆண்டு, சாரல் காலத்தில், துறையிலிருந்து எங்களைக் குற்றாலத்துக்குச் செடி சேகரிக்க அழைத்துப் போனார்கள். மூன்று நாளும் மழை. புல்லுருவிக் கிளையை வெட்டினேன், பெரணியை வேரோடு தோண்டினேன், தாள் கட்டும் சணலை அறுத்தேன். ஈரத்தைத் துடைக்கவில்லை. அப்படியே மடக்கி டிரங்குப் பெட்டியில் போட்டுவிட்டேன்.

திரும்பி வந்த மறுநாள் ராத்திரி விடுதியில் சண்டை. அந்தச் சண்டை நினைவிருப்பவர்கள் இந்த அரங்கில் இருக்கிறார்கள். வாலிபால் ஆட்டத்தில் ஆரம்பித்தது என்று அன்றைக்கு விசாரணையில் எல்லாரும் சொன்னோம். நானும் சொன்னேன். அது பொய். எந்த ஊர், எந்தத் தெரு என்பதில் ஆரம்பித்தது. இன்றைக்கு எனக்கு வயது எழுபதை நெருங்குகிறது, இனியும் மறைப்பதில் அர்த்தமில்லை. சாதியில் ஆரம்பித்தது. அதிலும் ஆள் பலம் என் பக்கம்தான் இருந்தது.

என் நண்பன் ஒருவனுக்கு மண்டையில் அடி. ரத்தத்தைப் பார்த்தேன். ஓடிப்போய்ப் பெட்டியைத் திறந்து கத்தியை எடுத்துக்கொண்டு மெஸ் வழியாக வந்தேன். யாரை நோக்கி வந்தேன் என்பதும் எனக்குத் தெரியும். மெஸ் வாசலில் நின்று கத்தியை விரிக்கப் பார்த்தேன். வரவில்லை. நகம் கொடுக்கிற பள்ளத்தில் நகத்தைக் கொடுத்து இழுத்தேன். நகம் பிய்ந்தது, அலகு அசையவில்லை. மூன்று நாள் மழையில் மரப்பிடி ஊதிப்போய் அலகை இறுக்கிப் பிடித்துக்கொண்டது.

நம் மெஸ் மாஸ்டர் அண்ணாச்சி அப்போது அடுப்பை அணைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார், கையைப் பார்த்தார். சத்தம் போடவில்லை, பிடிக்க ஓடி வரவும் இல்லை. "என்ன தம்பி, வெங்காயம் நறுக்கவா வந்திய? இங்க குடுங்க, நான் பாத்துக்கிடுதேன்" என்று கையை நீட்டினார். எப்படிக் கொடுத்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. கொடுத்துவிட்டேன். அதை வாங்கி மடியில் செருகிக்கொண்டு, "இப்படி உக்காருங்க" என்று ஒரு டம்ளர் சுக்குக் காப்பி கொடுத்தார். வெளியே சத்தம் அடங்கும்வரை என்னை எழுந்திருக்கவே விடவில்லை.

அந்தக் கத்தியை அவர் உடனே திருப்பித் தரவில்லை. அடுப்புப் பக்கத்தில் வைத்து உலர்த்தினார், தேங்காய் எண்ணெய் போட்டார், சாணை பிடிக்கிறவரிடம் கொடுத்துத் தீட்டி வாங்கினார். மூன்றாம் ஆண்டு முடிகிறவரை அது மெஸ்ஸில் காய் நறுக்கியது. நாம் சாப்பிட்ட பூசணிக்காய்க் கூட்டில் பாதி அந்தக் கத்தி அரிந்ததுதான். விடுதியைக் காலி செய்த அன்றைக்குக் கூப்பிட்டுக் கையில் கொடுத்தார். "ஒங்களுக்கு இல்லாத புத்தி அன்னைக்கு ஒங்க கத்திக்கு இருந்துச்சு தம்பி" என்றார். வார்டனிடமும் சொல்லவில்லை, யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் என் படிப்பு அன்றோடு முடிந்திருக்கும்.

பல வருஷம் கழித்துப் புதுச்சேரிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனபோது அந்தச் சொல்தா பெரியப்பாவைப் பார்த்தேன். மழையில் கத்தி சிக்கிக்கொண்டது என்று மட்டும் சொன்னேன். அவர் சிரித்தார். "அதுக்கு ஒரு வழி இருக்கு தம்பி. பிடியோட வால் பக்கத்தை மேஜையில ஒரு தட்டு தட்டு" என்றார். தட்டிக் காட்டினார். அலகு தானே தலையை நீட்டியது. சவோய்க்காரன் தட்டு என்று அந்த ஊரிலே அதற்குப் பெயராம். ஒரே ஒரு தட்டு! அன்று ராத்திரி இந்த வித்தை எனக்குத் தெரிந்திருந்தால்? என் கை நடுங்கியது. அந்தக் கல்யாணச் சாப்பாடு எனக்கு இறங்கவில்லை.

அதற்குப் பிறகும் கத்தியை நான் தூக்கி எறியவில்லை. எனக்குப் புளியங்குடிப் பக்கம் எலுமிச்சைத் தோட்டம். கிளை கழிக்கவும், கயிறு அறுக்கவும், சாக்குப் பிரிக்கவும், மத்தியானம் மாங்காய் நறுக்கவும் அதுதான். கார்பன் இரும்பு என்பதால் எலுமிச்சைச் சாறு பட்டுப் பட்டு அலகு கறுத்துவிட்டது. துடைத்து எண்ணெய் போட்டால் போதும், இன்னும் நன்றாக வெட்டுகிறது.

ஒரு தடவை, எண்பதுகளில், ராத்திரி பஸ் நிலையத்தில் சோதனை. போலீஸ்காரர் ஒருவர் கத்தியை விரித்துப் பார்த்துவிட்டு, "என்ன சார் இது, கத்தியா வாளா?" என்றார். நானும் படித்தவன் என்று காட்டிக்கொள்ள, 1962 ஆயுத விதிகளில் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகைத்தான் சொல்லியிருக்கிறது, விவசாயத்துக்கென்று செய்த கருவி அதிலே சேராது, இது ஐந்து அங்குலம்கூட இல்லை என்று விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அளவு சரி சார், ராத்திரி பதினோரு மணிக்கு பஸ் ஸ்டாண்டுல எந்த மரத்தை வெட்டப் போறீங்க?" என்றார். என்னிடம் பதில் இல்லை. கூடையிலிருந்த எலுமிச்சையைக் காட்டிய பிறகுதான் விட்டார். அன்றிலிருந்து அந்தக் கேள்வியை நானே கேட்டுக்கொள்கிறேன். இந்த நேரத்தில், இந்த இடத்தில், இதை வைத்து எதை வெட்டப் போகிறோம்? பதில் இல்லையென்றால் கத்தி தோட்டத்து அறையிலேயே இருக்கும்.

இன்றைக்கு இந்த வளாகத்தில் வெட்டுவதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை. அதனால்தான் கொண்டு வரவில்லை.

மாணவச் செல்வங்களே, 2023 ஆகஸ்டில் நம் பக்கத்து நாங்குநேரியில் ஒரு பள்ளி மாணவனையும் அவன் தங்கையையும், அவனோடு படித்த பிள்ளைகளே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். காரணம் சாதி. அதன் பிறகு அரசு ஓய்வுபெற்ற நீதிபதி கே.சந்துரு தலைமையில் குழு அமைத்தது. 2024 ஜூனில் அறிக்கை வந்தது. பிள்ளைகள் கையில் கட்டுகிற வண்ணக் கயிற்றைப் பற்றிக்கூட அதில் சொல்லியிருக்கிறது. அந்தச் செய்தியைப் படித்த அன்றைக்கு எல்லாரும் "இந்தக் காலத்துப் பசங்க" என்று திட்டினார்கள். என்னால் திட்ட முடியவில்லை. எனக்கும் அவர்களுக்கும் நடுவில் இருந்தது ஊதிப்போன ஒரு மரத்துண்டும் ஓர் அண்ணாச்சியும்தான்.

அன்று நான் தேடி வந்த அந்த ஆள் இதோ முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறான். இதைப் பேசலாமா என்று போன வாரம் அவனிடம் கேட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "ஏம்ல, என் மக கல்யாணத்துக்கு வாழையிலை அறுத்தியே, அந்தக் கத்தியா?" என்றான். "ஆமா" என்றேன். "பேசு" என்றான்.

ஒரே ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். நம் கல்லூரிச் சுவர்களில் பல பெரியவர்களின் படங்கள் இருக்கின்றன. மெஸ்ஸில் அண்ணாச்சியின் படம் இல்லை. அவர் மறைந்து பல வருஷம் ஆகிறது. அவர் குடும்பத்தாரிடமிருந்து ஒரு படம் வாங்கி வைத்திருக்கிறேன். சட்டம் போட்டு மெஸ் வாசலில் மாட்ட நிர்வாகம் அனுமதிக்க வேண்டும். கோபத்தோடு அந்த வழியாக வருகிற ஏதாவது ஒரு பையன் அதைப் பார்த்து ஒரு நிமிஷம் நின்றால் போதும்.