படுவான்கரைக் கோப்புகளின் பெயர்



மட்டக்களப்பு வாவியின் கிழக்குக் கரையை எழுவான்கரை என்றும் மேற்குக் கரையைப் படுவான்கரை என்றும் வழங்குவது நீங்கள் அறிந்ததே. இவ்விரு கரைகளின் ஊர்ச் செய்திகளையும் கூத்துப் பாடல்களையும் ஒருவர் கணினியில் தொகுத்து வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். படுவான்கரை என்று ஒரு கோப்புறை. அதனுள் மண்டூர், கொக்கட்டிச்சோலை என்று கோப்புகள். பெயர்கள் யாவும் தமிழிலேயே. 1978 நவம்பர் 23இல் சூறாவளியையும் 2004 டிசம்பர் 26இல் கடற்கோளையும் கண்ட கரையிலே, எழுதியவற்றுக்குப் பிரதி வைத்திருக்க வேண்டியதன் அவசியத்தை நான் விரித்துரைக்க வேண்டியதில்லை.

திருத்துந்தோறும் பழைய வடிவமும் அழியாமலிருக்க அவர் கையாளும் மென்பொருள் கிட். 2005ஆம் ஆண்டில் லினஸ் தோர்வால்ட்ஸ் ஆக்கியது. அதிலுள்ள தேடற்கருவியாகிய கிட் கிரெப்பிடம் 'குரவை' எங்கே வருகிறது என்று வினவினால், அச்சொல் உள்ள வரியையும், அதற்கு முன்னே கோப்பிருக்கும் வழியையும் எழுதிக் காட்டும்.

இங்கேதான் சிக்கல். ஆங்கில எழுத்துகளுக்குப் புறம்பானவற்றைக் கிட் 'வழக்கத்துக்கு மாறானவை' என்று கருதுகிறது. அத்தகைய பெயரை மேற்கோட்குறிக்குள் அடைத்து, எண்களாக மாற்றிவிடும். 'ம' என்னும் ஓரெழுத்து 340, 256, 256 என்று மூன்று எண்களாகிறது. மட்டக்களப்பு என்பது நமக்கு எட்டெழுத்து. கணினிக்குப் பன்னிரண்டு குறிகள், 36 பைட்டுகள். ஆகவே 108 இலக்கங்கள். இடையிடையே 36 சாய்கோடுகள் வேறு! பாடல் வரி தமிழில் வருகிறது; பாடிய ஊரின் பெயரோ எண்மாலையாக வருகிறது.

முன்னர் இதனினும் விந்தையான குறை ஒன்றிருந்தது. தொகுப்பின் தலைவாசலில் நின்று தேடினால் பெயர் தமிழிலேயே தோன்றும். படுவான்கரைக் கோப்புறையினுள் புகுந்து தேடினால் அதே பெயர் எண்களாகும். பெயர்களை உள்ளவாறே தரவேண்டிய 'இசெட்' என்னும் கட்டளைக்குறியை இட்டாலும், உள்ளிருந்து தேடுகையில் எண்களே வந்தன. மனிதர் பார்த்தால் சிரித்துவிட்டுப் போகலாம். அந்தப் பட்டியலை நம்பிப் பிரதியெடுக்கும் நிரலோ, எண்மாலையைப் பெயரென்று கொண்டு அப்படியொரு கோப்பில்லையே என்று விட்டுவிடும். மண்டூர்ப் பாடல் பிரதியில் சேராது.

2020ஆம் ஆண்டில் இக்குறை நீக்கப்பட்டது. எங்கிருந்து தேடினாலும் ஒரே முறை. 'இசெட்' இட்டால் உள்ளது உள்ளபடியே. கிட்டின் பிற கட்டளைகள் முன்பே பின்பற்றிய விதி இதுதான். ஆனால் திருத்தத்தின் பயனாக, தலைவாசலில் தமிழாக வந்த பெயரும் இயல்புநிலையில் எண்களாயிற்று! ஒழுங்கு வந்தது நன்றே. தமிழை வழக்கத்துக்கு மாறானதென்று கொள்ளும் இயல்புநிலை எனக்கு உடன்பாடன்று.

அதற்கும் வழியுண்டு. கோர் குவோட்பாத் என்னும் அமைப்பை 'ஃபால்ஸ்', அதாவது வேண்டாம், என்று ஒருமுறை மாற்றிவிட்டாற் போதும். முன்பு தலைவாசல் தேடலில் பொருட்படுத்தப்படாத இவ்வமைப்பு, 2020இன் பின் எங்கிருந்து தேடினும் செல்லுபடியாகிறது. படுவான்கரை படுவான்கரையாகவே தோன்றும். மேற்கோட்குறியோ வரிமுறிவோ கலந்த பெயர்கள் அப்போதும் குறிக்குள் அடைபட்டே வரும். ஆதலால் பிரதியெடுக்கும் நிரல் எழுதுவோர் 'இசெட்' குறியையும் சேர்த்துக்கொள்வாராக.