பேஸ் கித்தாரும் அதன் துணைக் கருவிகளும்



பழந்தமிழ் இசை நூலார் சுரங்கள் நிற்கும் நிலையை மெலிவு, சமன், வலிவு என மூன்றாக வகுத்தனர். மந்தரம், மத்தியம், தாரம் என வடமொழியில் வழங்குபவை இவையே. இம்மூன்றனுள் மெலிவு நிலையில் நின்று, பாட்டு முழுவதையும் தாங்கிச் செல்லும் மேனாட்டு வாத்தியம் பேஸ் கித்தார். பெயரளவில் அது மெலிவுதான். ஆனால் அம் மெலிவைப் பிறர் செவிக்குக் கொண்டு சேர்ப்பதற்கோ ஏனைய வாத்தியங்களைக் காட்டிலும் மிகுந்த வலிவு வேண்டியிருக்கிறது. இந்த முரண்பாட்டைத் தெளிவாக அறிந்து கொள்ளாமையால் நடுத்தரக் குடும்பத்து இளைஞர் பலர் பொருளை விரயம் செய்கிறார்கள்; சிற்சில சமயங்களில் உயிருக்கே ஊறு தேடிக் கொள்கிறார்கள். ஆகவே இக் கருவியையும், இதனோடு சேர்ந்த கேபிள், ஸ்பீக்கர் முதலியவற்றையும் எவ்வாறு தேர்ந்தெடுப்பது, எந்த வரிசையில் மேம்படுத்துவது என்பதைப் பற்றிச் சில சொல்ல விரும்புகிறேன்.

நான் வாழும் மட்டாஞ்சேரி இசைக்குப் பெயர் போன இடம். 1568-இல் எழுந்த யூதர் ஆலயமும், டச்சு அரண்மனையும், மிளகும் சுக்கும் மணக்கும் பண்டகசாலைகளும் அடுத்தடுத்து நிற்கும் இச் சிறு நிலப்பரப்பில் மலையாளம், கொங்கணி, குஜராத்தி, உருது, தமிழ் எனப் பல மொழிகள் ஒலிக்கின்றன. மலையாளத் திரையில் பாடிப் புகழ் பெற்ற மெஹபூப் இப்பகுதியின் செல்லப் பிள்ளை. மலையாளத்தில் கஜல் பாடி 2018-இல் மறைந்த உம்பாயியும் இம்மண்ணைச் சேர்ந்தவரே. மறுபுறம், தேவாலயப் பாடற்குழுக்களின் வழியே கித்தாரும் வயலினும் இங்கு வீட்டுக்கு வீடு புகுந்தன. 1970-களின் இறுதியில் தோன்றிய 'தேர்ட்டீன் ஏ.டி.' என்ற ராக் இசைக்குழு கொச்சியின் பெயரை நாடெங்கும் பரப்பியது. இன்று கலியாண வீடுகளிலும் கோயில், தேவாலயத் திருவிழாக்களிலும் நடைபெறும் கானமேளைகளில் பேஸ் கித்தார் இல்லாத மேடை அரிது.

தமிழர்களாகிய நமக்கு இவ்வாத்தியம் அந்நியமானதன்று. 1976-இல் 'அன்னக்கிளி'யுடன் திரையுலகில் புகுந்த இளையராஜாவின் பாடல்களில், சசிதரன் வாசித்த பேஸ் கித்தார் பின்னணியாக மட்டும் நில்லாமல் தனியொரு குரலாகவே பேசியது. ஏ.ஆர். ரஹ்மானின் இசையில் கீத் பீட்டர்ஸ் வாசித்ததும் இசை அன்பர் அறிந்ததே. பம்பாயிலோ, தில்லியிலோ, கொச்சியிலோ பிறந்து, தமிழ் எழுதப் படிக்கத் தடுமாறும் நம் பிள்ளைகளும், இப்பாடல்களின் தாழ்ந்த நாதத்தை நெஞ்சில் ஏந்தி வளர்ந்தவர்கள். அவர்களில் ஒருவன் "அப்பா, எனக்குப் பேஸ் கித்தார் வேண்டும்" என்று கேட்டால், அதை வீண் ஆசை என்று தள்ளிவிடலாகாது. ஆனால், விரலுக்குத் தகுந்த வீக்கம் வேண்டும் என்பதையும் மறக்கலாகாது.

முதற்கண் வாத்தியத்தின் இயல்பைப் பார்ப்போம். அமெரிக்காவில் லியோ பெண்டர் என்பவர் 1951-இல் வெளியிட்ட 'பிரிசிஷன் பேஸ்' என்ற கருவியே இன்றைய பேஸ் கித்தார்களுக்கு முன்மாதிரி. அதன் தந்தியின் அதிரும் நீளம் 34 அங்குலம். நான்கு தந்திகளுள் மிகத் தாழ்ந்தது விநாடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிர்கிறது. சாதாரணக் கித்தாரின் மிகத் தாழ்ந்த தந்தியோ 82 முறை. அதாவது ஒரு முழு ஸ்தாயி வேறுபாடு. ஸ்பீக்கரின் கூம்பு ஒரே அளவு ஒலியை ஒரு ஸ்தாயி தாழ்த்தித் தர வேண்டுமானால், முன்னிலும் நான்கு மடங்கு தூரம் முன்னும் பின்னும் அசைய வேண்டும் என்பது இயற்பியல் விதி. கித்தாருக்கென அமைந்த சிறு ஸ்பீக்கரில் பேஸ் கித்தாரை இணைத்து உரக்க வாசிப்பவர்கள், சில நாட்களிலேயே கூம்பு கிழிந்து கரகரப்பதைக் கேட்க நேர்வது இதனாலேயே.

அடுத்து 'வாட்' என்னும் அளவு. கடைக்காரர்கள் முதலில் கூறுவது இதைத்தான். வாங்குவோர் மயங்குவதும் இதில்தான். 50 வாட் ஆம்ப்ளிஃபையரை விற்றுவிட்டு 100 வாட் வாங்கினால் ஒலி இரு மடங்காகும் என்று எண்ணுவது இயல்பு. உண்மையில் கூடுவது 3 டெசிபல். செவிக்கு அது சிறிதளவே உரத்துத் தோன்றும். கேட்பவருக்கு இரு மடங்காகத் தோன்ற வேண்டுமானால் ஏறத்தாழப் பத்து மடங்கு வாட் தேவை. மாறாக, ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் எத்தனை டெசிபல் தருகிறது என்பது ஸ்பீக்கரின் குறிப்பேட்டில் அச்சிடப்பட்டிருக்கும். 94 தரும் ஸ்பீக்கருக்குப் பதிலாக 97 தரும் ஸ்பீக்கரை வைத்தால், ஆம்ப்ளிஃபையரை இரட்டித்ததற்கு ஒப்பான பயன் கிடைக்கும். எனவே, ஒலி போதவில்லை என்று தோன்றும்போது முதலில் ஆராய வேண்டியது ஸ்பீக்கரையும் அதன் பெட்டியையுமே.

எங்கள் தெருவில் ஒரு தமிழ்க் குடும்பம் உண்டு. மகன் பகலில் மசாலாப் பொருள் கடையில் கணக்கு எழுதுகிறார். இரவில் கானமேளைக் குழுவில் பேஸ் கித்தார் வாசிக்கிறார். தம் வாத்தியம் மேடையில் எடுபடவில்லை என்று வருந்திய அவர், அயல்நாட்டுக் கித்தார் ஒன்றை வாங்கத் தாயாரின் சங்கிலியை அடகு வைக்க எண்ணினார். தாயார் என்னிடம் வந்து, "ஐயா, நீங்களாவது அவனுக்கு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்றார். கலைப் பாடம் படித்துவிட்டு மொழிபெயர்ப்பு வேலை பார்க்கும் எனக்கு இதில் என்ன தெரியும்? ஆகவே அவரை அழைத்துக் கொண்டு, ரேடியோக் காலம் முதல் பழுது பார்த்து வரும் முதியவர் ஒருவரிடம் சென்றேன். அவர் விலை எதையும் பேசவில்லை. பழைய தந்திகளைக் கழற்றிப் புதியன பூட்டினார். கழுத்தின் வளைவைச் சீர் செய்தார். பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர் கொண்ட பெட்டி ஒன்றை இரவலாகக் கொடுத்து அன்றிரவு மேடையில் வாசித்துப் பார்க்கச் சொன்னார். மறுநாள் அந்த இளைஞர் புதுக் கித்தாரைப் பற்றிப் பேசவில்லை. பெட்டியின் விலையைத்தான் கேட்டார். சங்கிலி தாயாரின் கழுத்திலேயே இருக்கிறது.

அம் முதியவர் கூறிய வரிசையை நானும் பரிந்துரைக்கிறேன். முதலாவது தந்தி, இரண்டாவது, கழுத்தையும் தந்தியின் உயரத்தையும் சீர் செய்தல், மூன்றாவது, நம்பத்தகுந்த கேபிள், நான்காவது ஸ்பீக்கர், ஐந்தாவது ஆம்ப்ளிஃபையர், எல்லாவற்றுக்கும் இறுதியில்தான் புதிய கித்தார். ஒவ்வொரு படியிலும் ஒரு மாற்றத்தை மட்டும் செய்து, செவியால் சோதித்த பின்னரே அடுத்ததற்குச் செல்ல வேண்டும். இரண்டை ஒருங்கே மாற்றினால், எதனால் பயன் விளைந்தது என்பது தெரியாமற் போகும்.

கேபிளைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். கித்தாரிலிருந்து ஆம்ப்ளிஃபையருக்குச் செல்வது ஒரு வகை. ஆம்ப்ளிஃபையரிலிருந்து ஸ்பீக்கருக்குச் செல்வது வேறு வகை. இரண்டின் முனையிலும் ஒரே கால் அங்குல பிளக் அமைந்திருப்பதுண்டு. ஆதலின் ஒன்றை மற்றொன்றாகக் கொள்ளும் பிழை எளிதில் நேரும். முன்னதில் மெல்லிய கம்பியைச் சுற்றி வலைபோன்ற கவசம் இருக்கும். புறத்தேயிருந்து வரும் இரைச்சலைத் தடுப்பது அதன் பணி. பின்னதில் கவசம் இல்லை. இரண்டு தடித்த செம்புக் கம்பிகள் மட்டுமே. கித்தார் கேபிளை ஸ்பீக்கருக்கு இட்டால் அது சூடேறும். ஆம்ப்ளிஃபையர் பழுதாகவும் கூடும். ஸ்பீக்கர் கேபிளைக் கித்தாருக்கு இட்டால் வண்டு முரல்வது போன்ற இரைச்சல் எழும். இரண்டிலும் வெவ்வேறு நிறத் துணிப்பட்டை கட்டி வைப்பது காசு செலவில்லாத நல்ல ஏற்பாடு.

தடிமனின் பயனைக் கணக்கிட்டும் காட்டலாம். அரை சதுர மில்லிமீட்டர் கம்பியில் பத்து மீட்டர் தூரம் ஸ்பீக்கருக்கு இழுத்தால், போக வர இருபது மீட்டருக்குத் தடை ஏறத்தாழ 0.7 ஓம். ஸ்பீக்கர் 4 ஓம் ஆனால், செல்லும் ஆற்றலில் ஏழில் ஒரு பங்கு கம்பியிலேயே வீணாகும். இரண்டரை சதுர மில்லிமீட்டர் கம்பியில் அத்தடை 0.14 ஓமாகக் குறையும். அதற்கு மேல் தடிமனுக்கும், பொன் முலாமுக்கும், 'ஆக்சிஜன் இல்லாத செம்பு' என்ற விளம்பரத்துக்கும் கொடுக்கும் பணத்தைச் செவி உணர்வதில்லை. கித்தார் கேபிளில் பார்க்க வேண்டியவை வேறு: பிளக்கின் உள்ளே பற்றவைப்பு உறுதியாக உள்ளதா, கம்பியை இறுகப் பற்றும் பிடி இருக்கிறதா, நீளம் தேவைக்கு மேற்படாமல் இருக்கிறதா என்பனவே. மூன்று முதல் ஆறு மீட்டர் போதும். நீளம் மிக மிக, பேட்டரியில்லாத கித்தாரின் நாதத்தில் கூர்மை மங்கும். பேட்டரி வைத்த கித்தாரில் இக்குறை சிறிது. ஆனால் வாசித்து முடித்ததும் பிளக்கைக் கழற்றி வைக்காவிட்டால் பேட்டரி வீணே தீர்ந்துவிடும்.

இரண்டு பெட்டிகளை இணைப்போர் ஓம் கணக்கை அறிந்திருத்தல் அவசியம். 8 ஓம் பெட்டிகள் இரண்டை இணையாகச் சேர்த்தால் மொத்தம் 4 ஓம். மூன்றாவதையும் சேர்த்தால் 2.7 ஓம். 'குறைந்தது 4 ஓம்' என்று பின்புறம் எழுதப்பட்ட ஆம்ப்ளிஃபையருக்கு மூன்றாவது பெட்டி நஞ்சாகும். வீட்டில் பழகுவதற்கு 15 முதல் 30 வாட் வரை தாராளம். டிரம் செட்டுடன் வாசிக்க 200 அல்லது 300 வாட்டும், பன்னிரண்டு அல்லது பதினைந்து அங்குல ஸ்பீக்கரும் வேண்டியிருக்கும். ஆனால் மேடையில் பொது ஒலிபெருக்கி அமைப்பு இருக்குமாயின், 'டி.ஐ. பெட்டி' என்ற சிறு கருவியின் வழியே கித்தாரை நேரே அதனுடன் இணைக்கலாம். பெரிய ஆம்ப்ளிஃபையரைச் சுமந்து செல்லும் கூலியும் மிச்சம்.

அறையின் இயல்பையும் கருத வேண்டும். ஏறத்தாழ 4.2 மீட்டர் நீளமுள்ள அறையில், தாழ்ந்த தந்தியின் நாதம் சுவர்களுக்கிடையே எதிரொலித்துத் தேவைக்கு மேல் முழங்கும். நம் வீட்டு அறைகள் பல இந்த அளவினவே. இதைக் கருவியின் குற்றம் என்று கருதி வேறு கருவி வாங்குவோர் உளர். பெட்டியை மூலையிலிருந்து நகர்த்தி, உட்காரும் இடத்தை மாற்றிப் பார்த்தாலே பெரும்பாலும் குறை தணியும். சுவரில் கோணிச் சாக்கைத் தொங்கவிடுவதால் உயர்ந்த ஒலி மட்டுமே அடங்கும். தாழ்ந்த ஒலி அதற்கு அடங்காது.

கடலோரத்தில் வாழ்வோருக்குக் கூடுதலாக ஒரு கவலை உண்டு. உப்புக் காற்றும் இடைவிடாத மழையும் தந்தியில் துருவையும், பிளக்கில் களிம்பையும், மரக்கழுத்தில் வளைவையும் உண்டாக்கும். வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் தந்தியைத் துடைத்தல், பெட்டிக்குள் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் வைத்தல், பிளக்கைத் திங்களுக்கு ஒரு முறை சுத்தம் செய்தல் ஆகியவை போதுமான காப்பு. மங்கிய தந்திகளைக் கழற்றிப் பத்து நிமிடம் வெந்நீரில் கொதிக்க வைத்து நன்றாக உலர்த்தினால், அழுக்கு நீங்கிச் சில நாள் புது நாதம் தரும்.

இறுதியாக, எல்லாவற்றிலும் முக்கியமான ஒன்று. இரைச்சலை ஒழிப்பதற்கு எளிய வழி என்று சிலர் மூன்று முனைப் பிளக்கின் பூமி இணைப்பைத் துண்டித்து விடுகிறார்கள். பழைய வீடுகளில் மூன்றாவது துளையின் பின்னே கம்பியே இல்லாதிருப்பதும் உண்டு. கித்தாரின் தந்திகள் கேபிளின் கவசம் வழியே ஆம்ப்ளிஃபையரின் உலோக உடலோடு இணைந்திருப்பவை. உள்ளே மின்கசிவு நேர்ந்தால், பூமிக்குப் போக வேண்டிய 230 வோல்ட் தந்தியில் வந்து காத்திருக்கும். அத்தந்தியைப் பிடித்த கையோடு மைக்கை உதட்டால் தொட்டால் மின்சாரம் உடலின் வழியே பாயும். 1972-இல் பிரிட்டனின் ஸ்வான்சி நகர மேடையில் லெஸ் ஹார்வி என்ற கித்தார் கலைஞர், பூமி இணைப்புச் சரியில்லாத மைக்கைத் தொட்டு உயிரிழந்தார். மழை நனைத்த பந்தலில் வாசிக்கும் நம் பிள்ளைகளுக்கு இந்த அபாயம் பன்மடங்கு. ஆகவே எல்லாக் கருவிகளுக்கும் ஒரே இடத்திலிருந்து மின்சாரம் எடுங்கள். இரைச்சல் இருந்தால் டி.ஐ. பெட்டியில் அதற்கென உள்ள விசையைப் பயன்படுத்துங்கள்; 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்பு விசையைப் பொருத்துங்கள். புதிய கித்தாரைக் காட்டிலும் முதலில் வாங்கத் தக்கது இதுவே.

ஊர் விட்டு ஊர் வந்து உழைக்கும் நமக்கு ஒவ்வொரு ரூபாயும் வியர்வையில் விளைந்தது. பிள்ளைகளின் இசை ஆசைக்குத் தடை போடாமலும், விளம்பரத்தின் கவர்ச்சிக்கு இரையாகாமலும் நடந்து கொள்ள இயலும். அதற்கு வேண்டுவன கேட்கும் செவியும், எண்ணிப் பார்க்கும் பொறுமையும், அனுபவம் உள்ளவரிடம் ஐயம் கேட்கும் பணிவுமே.